காதும் கையும் காத்த நினைவுகள்

கன்னிவாடியிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் நம்மவர்களின் பழைய வீடுகளுக்குள் செல்வோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கூடத்துச் சுவர்களில் மறைந்த பெரியவர்களின் படங்கள் தொங்குவதில்லை. மக்கா, மதீனாப் பள்ளிகளின் படம் ஒன்றிருக்கும். ஆயத்துல் குர்ஸி எழுதிச் சட்டமிட்ட கண்ணாடி ஒன்றிருக்கும். பள்ளிவாசலில் கொடுத்த நாட்காட்டி ஒன்றிருக்கும். மூன்று தலைமுறைக்கு முந்திய பாட்டனார் எப்படி இருந்தார் என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒன்றும் இராது. ஆயினும் அவரை அந்த வீடு மறந்துவிட்டது என்று சொல்லிவிட முடியுமா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் செருமுகின்ற செருமலைப் பேரன் செய்து காட்டுவான். அவர் உருட்டி உருட்டித் தேய்ந்த தஸ்பீஹ் மணி மருமகளின் கையில் இருக்கும். யாசீன் ஓதும்போது அவர் எந்த இடத்தில் நீட்டுவாரோ அதே இடத்தில் அவர் மகனும் நீட்டுவார். உருவத்தைச் சுவரில் மாட்டாத வீடுகள், நினைவை வேறு இரண்டு இடங்களில் வைத்துக் காத்தன. ஒன்று காது, மற்றொன்று கை.

இந்த உண்மையை நாம் எண்ணிப் பார்க்கும்படி செய்தவை சித்திரப் படங்கள் என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். பிள்ளைகள் ‘கார்ட்டூன்’ என்று சொல்லி மகிழும் படங்களையே சொல்கிறோம். ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தோ, பொம்மைகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படம்பிடித்தோ, ஒரு விநாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் ஓடவிட்டு உயிருண்டாக்கும் கலை அது. முழுக்க முழுக்கக் கண்ணுக்காகப் பிறந்த கலை. அப்படிப்பட்ட கலையில் தேர்ந்தவர்கள், மனிதனின் ஆழ்ந்த நினைவைத் தொட வேண்டிய இடம் வந்ததும், கண்ணை விட்டுவிட்டுக் காதையும் கையையும் தேடிப் போகிறார்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தால் அந்த ஆராய்ச்சி திரையோடு நில்லாமல் நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து சேர்கிறது.

உருவங்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றைத் தீர்த்து வைக்க நாம் முற்படவில்லை. சித்திரப் படமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்தன. அவற்றுள் ஒரு குதிரைக்குக் கந்தல் துணியால் ஆன இரண்டு சிறகுகள் இருந்தன. குதிரைக்குச் சிறகா என்று பெருமானார் (ஸல்) கேட்க, நபி சுலைமானின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதின் தொகுப்பு சொல்கிறது. கேட்ட கதை ஒன்று. கையால் தொட்ட கந்தல் துணி ஒன்று. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு குதிரை பறந்தது. சித்திரப் படக் கலையும் இந்த இரண்டின் சேர்க்கைதான்.

முதலில் ஓசையைப் பார்ப்போம். சாதாரணத் திரைப்படம் எடுக்கும்போது ஒலிவாங்கியை நீட்டினால் போதும். நடிகர் பேசுவதோடு காக்கை கத்துவதும், தெருவில் பேருந்து போவதும், காற்றில் கதவு ஆடுவதும் தாமாகவே வந்து விழும். வரைந்த ஓவியத்திற்கு அத்தகைய ஓசை ஏதும் கிடையாது. வரைந்த கதவு கிறீச்சிடாது. வரைந்த மழை சடசடக்காது. ஆகவே சித்திரப் படத்தில் ஒலிக்கும் ஒவ்வோர் ஓசையும் ஒருவர் வேண்டுமென்று தேடி, பொறுக்கி எடுத்து, இந்த இடத்தில் இது என்று வைத்த ஓசை. நம் நினைவும் இவ்வாறே வேலை செய்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். அன்று கேட்ட ஆயிரம் ஓசைகளில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கும். சகர் நேரத்து இருளில் பக்கீர்மார்கள் தப்ஸ் தட்டிப் பாடிக்கொண்டு தெருமுனையில் திரும்பிய ஓசை மிஞ்சியிருக்கும்; அந்தத் தெருவின் மற்ற ஓசைகள் எல்லாம் உதிர்ந்து போயிருக்கும். நினைவு பொறுக்கி வைப்பதைப் போலவே சித்திரப் படமும் பொறுக்கி வைக்கிறது. அதனால்தான் அதன் ஓசை நேரே நம் நினைவின் கதவைத் தட்டுகிறது.

இதற்கு ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாதா 1988ஆம் ஆண்டு உருவாக்கிய ‘மின்மினிகளின் கல்லறை’ என்ற படம் அது. அகியுகி நோசகா என்ற எழுத்தாளர் 1967இல் எழுதிய கதை அதற்கு மூலம். 1945இல் குண்டுவீச்சில் எரிந்த கோபே நகரில் தாயை இழந்த ஒரு சிறுவனும் அவன் தங்கையும் பட்டினியால் மடிவதே கதை. நோசகா தம் சிறு தங்கையை அதே ஆண்டில் பசிக்கொடுமைக்குப் பறிகொடுத்தவர். தகஹாதாவும் ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்துக் குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்தவர். தங்கையின் பாத்திரத்திற்குச் சின்னஞ்சிறு பெண் ஒருத்தியே குரல் கொடுத்தாள். ஜப்பானிய வழக்கத்துக்கு மாறாக அவள் குரலை முதலில் பதிவு செய்துகொண்டு அதற்கேற்பப் படத்தை வரைந்தார்கள். அங்கே ஓசை முன்னே நடக்க ஓவியம் பின்னே சென்றது.

அந்தப் படத்தின் உயிர் ஒரு தகர டப்பாவில் இருக்கிறது. பழமிட்டாய்கள் அடைத்த சிறிய டப்பா. தங்கை அழும்போதெல்லாம் அண்ணன் அதைக் குலுக்கி ஒரு மிட்டாயை உதிர்த்துக் கொடுக்கிறான். நாள் செல்லச் செல்ல டப்பா காலியாகிறது. கடைசியில் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அந்த இனிப்புத் தண்ணீரைக் குடிக்கிறாள். அவள் இறந்த பிறகு அவளுடைய எலும்புத் துண்டுகளை அண்ணன் அதே டப்பாவில் இட்டு வைக்கிறான். படத்தின் தொடக்கத்தில் இரயில் நிலையத்தில் இறந்து கிடக்கும் அவனிடமிருந்து அந்த டப்பாவை எடுக்கும் பணியாள் ஒருவன், என்னவென்று தெரியாமல் குலுக்கிப் பார்த்து வெளியே எறிகிறான். ஒரே டப்பா; முதலில் மிட்டாய், பிறகு தண்ணீர், முடிவில் எலும்பு.

இந்தப் படத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மழைக்கால இரவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் நன்னி படுத்திருந்தார்கள். எண்பதைக் கடந்தவர்கள், கண்புரை முற்றியதால் திரையில் ஓடுவது அவர்களுக்கு ஒளியும் நிழலுமாகவே தெரியும். படத்தின் மொழியோ ஜப்பானியம். நன்னி உறங்கிவிட்டார்கள் என்றே எண்ணியிருந்தோம். டப்பா குலுங்கும் இடம் வந்தது.

“ஏம்மா, அந்த டப்பாவுல நாலஞ்சுதான் கெடக்கா?” என்று கேட்டார்கள்.

எப்படித் தெரியும் நன்னி என்று பேத்தி கேட்டாள்.

“நெறஞ்ச டப்பா இப்படிச் சத்தம் போடாதும்மா. கொறையக் கொறையத்தான் சத்தம் கூடும்.”

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள். யுத்த காலத்தில் அரிசி பங்கீட்டில் வந்த நாட்களில், அவர்களுடைய தாயார் பனங்கற்கண்டை ஒரு டப்பாவில் போட்டு உறியில் வைத்திருந்தாராம். நன்னிக்கு ஒரு தம்பி. மலையடிவாரத்துக் காய்ச்சலில் விழுந்து கிடந்த அந்தப் பிள்ளை கசப்பு மருந்தைக் குடிக்க மறுத்தால் தாயார் டப்பாவை எடுத்து ஒருமுறை குலுக்குவாராம்; ஓசை கேட்டதும் பிள்ளை வாயைத் திறக்குமாம். கற்கண்டு தீர்வதற்கு முன்பே பிள்ளை மௌத்தாகிவிட்டது. டப்பா மட்டும் பல நாள் உறியிலேயே இருந்தது. அதை யாரும் தொடவில்லையாம். “எலி ஓடி உறி ஆடுச்சுன்னா உள்ள சத்தம் வரும். அம்மா எந்திரிச்சுப் போயி வாசல்ல உக்காந்துக்குவாங்க.”

நன்னிக்கு அப்படி ஒரு தம்பி இருந்தான் என்பதே அன்றுவரை நம் வீட்டில் எவருக்கும் தெரியாது. அவனுக்குப் படம் இல்லை. கபரின் மேல் நட்ட மீஸான் கல் எப்போதோ மண்ணில் புதைந்து போயிருக்கும். எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயரைத் தேட வழியில்லை. எண்பது ஆண்டுகளாக அவன் இருந்த ஒரே இடம், ஒரு டப்பாவின் ஓசை. அந்த ஓசையும் நன்னியின் காதோடு போயிருக்கும். எங்கோ ஜப்பானில் ஒரு கலைஞர் ஒரு டப்பாவில் எத்தனை மிட்டாய் கிடந்தால் என்ன ஓசை வரும் என்று கவலைப்பட்டதால் அவன் எங்களிடம் வந்து சேர்ந்தான்.

இனித் தீண்டலைப் பார்ப்போம். திரையைத் தொட முடியாது, தொட்டாலும் கண்ணாடிதான். எனினும் சில சித்திரப் படங்களைப் பார்க்கும்போது விரல் நுனியில் ஏதோ உணர்கிறோம். இங்கிலாந்தின் ஆர்ட்மன் நிறுவனத்தார் களிமண் போன்ற பொருளால் பொம்மைகள் செய்து படமெடுப்பவர்கள். பொம்மையின் கன்னத்தில் செய்தவரின் விரல் ரேகை பதிந்திருந்தால் அதை அழிக்காமல் விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். ஒரு மனிதக் கை இதைத் தொட்டது என்பதற்கு அந்த ரேகை சாட்சி சொல்கிறது. வனைந்த பானையின் உட்புறத்தில் குயவரின் விரல் ஓடிய வரியைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

நம் நாட்டில் இந்தத் தீண்டலை நினைவோடு சேர்த்துத் தைத்தவர் நீனா சப்னானி. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யிலும் ஆசிரியராக இருந்தவர். 2005இல் அவர் ‘முகுந்தும் ரியாஸும்’ என்ற சிறு படத்தை உருவாக்கினார். அவருடைய தந்தையாரின் நினைவிலிருந்து எடுத்த கதை அது. 1947இல் கராச்சியில் இரண்டு சிறுவர்கள். ஒருவன் இந்து, மற்றவன் முஸ்லிம். நாடு பிரிகிறது. நகரத்தில் கலவரம் மூளுகிறது. ரியாஸ் தன் நண்பனின் குடும்பம் பத்திரமாகத் துறைமுகத்தை அடைந்து கப்பலேற உதவுகிறான். கப்பல் புறப்படுகிறது, அதன்பின் அவ்விருவரும் சந்திக்கவே இல்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் இதை நூலாகவும் வெளியிட்டிருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்ல அவர் தேர்ந்துகொண்டது வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் பெண்களின் கைவேலை. எல்லைக்கு அப்பால் சிந்துவிலும் இப்பால் குஜராத்திலும் ஒரே மாதிரி நடந்துவரும் வேலை அது. அரசுகள் வரைந்த கோடு தையலின் குறுக்கே செல்லவில்லை. ரியாஸின் சட்டையும் முகுந்தின் சட்டையும் ஒரே கைப்பழக்கத்தில் தைத்த துணிகளாக நம் கண்முன் அசையும்போது, இரு நாடுகளும் இத்தனை ஆண்டுகளாக ஒருவரையொருவர் பற்றிச் சொல்லிவரும் சொற்களுக்கு அப்பால் ஒரு பழைய சொந்தம் தட்டுப்படுகிறது. ஒரு முஸ்லிம் சிறுவனின் நன்றியை ஓர் இந்துக் குடும்பம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நெஞ்சில் வைத்திருந்து தன் மகளிடம் ஒப்படைத்ததே, அதுவும் ஓர் அமானிதம் அல்லவா?

நான்கு ஆண்டுகள் கழித்து, 2009இல், அவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ‘டாங்கோ போலே சே’, அதாவது ‘தையல் பேசுகிறது’ என்ற படம். கட்சுப் பகுதியில் கலா ரக்‌ஷா என்ற அமைப்பைச் சேர்ந்த கைவினைப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தைத்துக் காட்டினார்கள். 1971ஆம் ஆண்டுப் போரை அடுத்துச் சிந்துவின் தார்பார்க்கர் பகுதியை விட்டு வந்தது, முகாமில் வாழ்ந்தது, 2001 ஜனவரி 26ஆம் நாள் வந்த நிலநடுக்கம், அதன்பின் மீண்டும் எழுந்தது யாவும் துணியிலும் நூலிலும் வந்தன. அந்தத் துணிகளையே அசையச் செய்து, அவர்களுடைய சொந்தக் குரலையே மேலே ஒலிக்க விட்டார் சப்னானி. சொன்ன வாயும் தைத்த கையும் ஒருவருடையதே. எழுதப் படிக்கும் வாய்ப்புக் குறைந்த பெண்கள் தங்கள் சரித்திரத்தை ஊசியால் எழுதினார்கள் என்றால் மிகையாகாது.

நம் வீடுகளிலும் ஊசி சும்மா இருந்ததில்லை. பழஞ்சேலைகளை நான்கைந்து அடுக்காக மடித்துத் தைத்த விரிப்பில் படுத்துறங்கியவர்கள்தாம் நாம். இந்தத் துண்டு மூத்த அத்தையின் நிக்காஹ் சேலை, இது பெருநாளைக்கு எடுத்தது என்று விரலால் தடவிச் சொல்லிக்கொண்டே தாய்மார்கள் பிள்ளைகளைத் தூங்கவைத்தார்கள். இருட்டிலும் அந்தத் துண்டுகளை விரல் அடையாளம் காணும். பட்டுக்கு ஒரு வழவழப்பு, சுங்குடிக்கு ஒரு சொரசொரப்பு. அந்த விரிப்பு ஒரு குடும்பத்தின் சரித்திரப் புத்தகம், விளக்கில்லாமல் படிக்கலாம்.

விரல் படிக்கும் புத்தகம் இன்னொன்று உண்டு. அது நம் திண்டுக்கல் நாட்டுக்கு மிக நெருக்கமானது. அதுதான் சாவி.

நார்வே நாட்டவரான மாட்ஸ் குரோருட் 2018இல் ‘கோபுரம்’ என்ற முழுநீளப் படத்தை உருவாக்கினார். பெய்ரூத் நகரின் புர்ஜுல் பராஜினா அகதி முகாமில் வாழும் பாலஸ்தீனக் குடும்பம் ஒன்றின் கதை அது. வர்தி என்ற பதினோரு வயதுச் சிறுமி. அவளுடைய கொள்ளுப் பாட்டனார் 1948இல் கலீலியில் தம் ஊரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். அந்த ஆண்டில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்களில் பலர், சில நாட்களில் திரும்பிவிடுவோம் என்று எண்ணி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர்கள். பாட்டனார் தம் வீட்டுச் சாவியை வர்தியின் கையில் கொடுத்துவிடுகிறார். அவர் நம்பிக்கை இழந்துவிட்டாரோ என்று சிறுமி அஞ்சுகிறாள். அடுக்கடுக்காக உயர்ந்த அந்த முகாம் வீட்டில் ஒவ்வோர் உறவினரிடமும் ஏறி இறங்கி, குடும்பத்தின் கதையைக் கேட்டுச் சேர்க்கிறாள்.

இதில் இயக்குநர் கையாண்ட முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. இன்றைய முகாம் வாழ்க்கை முழுவதும் பொம்மைகளை நகர்த்தி எடுக்கப்பட்டது. அந்த மனிதர்களுக்குப் பருமனும் கனமும் உண்டு. பழைய நினைவுகள் யாவும் தட்டையான ஓவியங்களாக வரையப்பட்டவை. இழந்த ஊரைத் தொட முடியாது. அது வெறும் கோடும் வண்ணமுமாகிவிட்டது. அந்த ஊரிலிருந்து வந்து இன்றும் கைக்குள் கனக்கிற பொருள் சாவி. எழுபது ஆண்டுகளுக்கு முந்திய வீடு இன்று இல்லாமற் போயிருக்கலாம். ஆனால் சாவியின் பற்களை விரல் தடவும்போது ஒரு கதவு மனத்தில் நிமிர்ந்து நிற்கிறது.

பூட்டுச் செய்யும் நாட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அரத்தால் ராவி ராவிக் கையாலேயே ஒவ்வொரு சாவிக்கும் பல் வெட்டிய ஊர் திண்டுக்கல். மாங்காய் வடிவில் வார்த்த மாங்காய்ப் பூட்டும், சாவியைத் திருப்பினால் உள்ளே மணி ஒலிக்கும் மணிப்பூட்டும் இந்த மண்ணின் கைவண்ணம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் அலிகாரிலிருந்து வந்த மலிவுப் பூட்டுகளால் இங்குள்ள பட்டறைகள் பல மூடிவிட்டன. மணிப்பூட்டைச் செய்தவன் திருடனுக்கு அஞ்சி மணியை வைத்தான். ஆனால் அந்த மணி வேறு வேலையும் செய்தது. அத்தா கடையிலிருந்து வந்து பெட்டியைத் திறக்கிறார் என்று அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்லும். நோன்புப் பெருநாள் காசு வரப்போகிறது என்று திண்ணையில் விளையாடும் பிள்ளைகளுக்குச் சொல்லும். இன்று அத்தா இல்லாத வீட்டில் எப்போதாவது அந்தப் பெட்டியைத் திறந்தால், மணி ஒலித்ததும் எல்லோரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறோம். ஓசையும் தீண்டலும் ஒரே இரும்புக்குள் கூடியிருக்கின்றன. நம் பிள்ளைகளில் ஒருவர் என்றாவது சித்திரப் படம் எடுக்கக் கற்றால், இதைவிட நல்ல கதாபாத்திரம் அவருக்குக் கிடைக்காது.

பாலஸ்தீனத்தைப் பேசும்போது இன்னொரு படத்தையும் சொல்லாமல் செல்லலாகாது. இஸ்ரேலியரான அரி ஃபோல்மன் 2008இல் எடுத்த ‘பஷீரோடு ஒரு வால்ட்ஸ்’ அது. 1982 செப்டம்பரில் பெய்ரூத்தின் சப்ரா, ஷத்தீலா முகாம்களில் அப்பாவி மக்கள் கொன்று குவிக்கப்பட்டபோது, அந்நகரைச் சூழ்ந்து நின்ற படையில் ஒரு சிப்பாயாக இருந்தவர் அவர். அந்த நாட்கள் தம் நினைவிலிருந்து முற்றிலும் அழிந்துவிட்டதைக் கண்டு, பழைய தோழர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று கேட்கிறார். படம் முழுவதும் ஓவியமாகவே செல்கிறது. முடிவில் முகாமிலிருந்து பெண்கள் ஓலமிட்டபடி வருகிறார்கள். அந்த ஓலம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஓவியம் நின்று, அன்று எடுத்த உண்மைப் படக்காட்சி தொடங்குகிறது. ஓலம் மட்டும் அறுபடாமல் ஓவியத்திலிருந்து உண்மைக்குள் செல்கிறது. கண் மறந்துவிட முடிந்ததைக் காது மறக்கவில்லை என்று அப்படம் ஒப்புக்கொள்கிறது. அந்தப் பெண்களுக்குக் கடைசிச் சில விநாடிகள்தாமா கிடைத்தன, அவர்கள் ஏன் முன்பே பேசவில்லை என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குரோருட்டின் படத்தில் அந்த முகாம் மக்கள் தொடக்கத்திலிருந்தே பேசுகிறார்கள் என்பது அதன் சிறப்பு.

இனி நம் மார்க்க வரலாற்றைப் பார்த்தால், இந்தக் கலைஞர்கள் கண்டறிந்ததை நம் முன்னோர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தது புலனாகும். மதீனாப் பள்ளியில் பெருமானார் (ஸல்) ஒரு பேரீச்ச மரத்தண்டில் சாய்ந்து நின்று குத்பா ஓதிவந்தார்கள். பின்னர் மிம்பர் செய்யப்பட்டு அதன்மீது ஏறி நின்றபோது, அந்த மரத்தண்டு அழுதது. அங்கிருந்தோர் அதைத் தம் காதாலேயே கேட்டார்கள். அண்ணலார் இறங்கிவந்து அதைத் தழுவினார்கள். தேம்பும் குழந்தை அடங்குவதுபோல் அது அடங்கியது. இதைப் புகாரி இமாம் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிவைச் சொன்னது ஓசை, ஆற்றியது தீண்டல்.

பிலால் (ரலி) அவர்களின் வரலாறும் அத்தகையதே. அண்ணலாரின் மறைவுக்குப் பின் அவர்கள் பாங்கு சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள். கலீபா உமர் (ரலி) ஷாம் நாட்டுக்கு வந்தபோது, தோழர்களின் வேண்டுகோளுக்கிணங்கி ஒருமுறை சொன்னார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் பெருமானாரைக் கண்டிருந்த தோழர்கள் அனைவரும் தாடி நனைய அழுதார்கள் என்றும், உமர் (ரலி) எல்லோரையும்விட மிகுதியாக அழுதார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்களிடம் அண்ணலாரின் உருவப்படம் ஒன்றும் இல்லை. ஒரு குரல் போதுமாக இருந்தது. யூசுபு நபியின் சட்டையை முகத்தில் போட்டதும் யஃகூபு நபிக்கு இழந்த பார்வை திரும்பியதாகத் திருமறை சொல்கிறது. பார்வை சென்ற இடத்தில் துணி ஒன்று பார்வையைக் கொண்டுவந்தது.

இத்தனையும் நம்மிடம் இருந்தது என்று பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. காதிலும் கையிலும் நினைவைக் காத்துவந்த நம் குடும்பங்கள் இப்போது வேகமாகக் கண்ணுக்கு மாறிவருகின்றன என்பதே நம் கவலை. ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. ஒவ்வொன்றிலும் ஆயிரம் படங்கள். பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பெருநாள் படங்கள் நொடியில் வந்துவிடுகின்றன. ஆனால் பெரியவர் ஒருவர் மௌத்தான பிறகு அந்தப் படங்களைப் புரட்டிப் பார்த்தால், எல்லாவற்றிலும் அவர் வாய்மூடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் எப்படிச் சிரிப்பார், பேரனை எப்படி விளித்து அழைப்பார், துஆவை முடிக்கும்போது அவர் குரல் எங்கே தழுதழுக்கும் என்பதற்கு அந்த ஆயிரம் படங்களில் ஒன்றும் பதில் சொல்வதில்லை. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பூட்டும் பெட்டியும் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறுகின்றன. விரிப்பு குப்பைக்குப் போகிறது. புது வீட்டுக் கதவு ஓசையின்றித் திறந்து ஓசையின்றி மூடுகிறது.

மாற்று வழி கடினமானதன்று. படமெடுக்கும் அதே கருவி குரலையும் எடுக்கும். தாயார் பாடும் தாலாட்டை, பாட்டியார் ஓதும் முனாஜாத்தை, பெரிய அத்தா சந்தையில் மாடு பிடித்த கதையை அவர் குரலிலேயே பதிந்து வையுங்கள். பேசச் சொன்னால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். ஆகவே முதலில் கையில் ஏதேனும் ஒரு பொருளைக் கொடுங்கள். ஒரு பாக்குவெட்டியோ, ஒரு சாவியோ, ஒரு சேலைத் துண்டோ கைக்கு வந்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும். அந்தப் பொருளைப் பிள்ளைகளின் கையிலும் கொடுங்கள். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடாதீர்கள். அண்டை மலையாளத்தில் 2021ஆம் ஆண்டு அதிதி கிருஷ்ணதாஸ் என்ற இளம் கலைஞர், ஒரு முதியவர் பேய்க்கதை சொல்லும் குரலை வைத்துக்கொண்டு ‘கண்டிட்டுண்டு’ என்ற சித்திரப் படத்தை உருவாக்கித் தேசிய விருதும் பெற்றார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு முதியவரின் குரலும் அதைக் கேட்கும் பொறுமையும். முதலாவது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரண்டாவதை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த மழையிரவுக்குப் பிறகு நன்னியிடம் தம்பியின் பெயரைக் கேட்டோம். சொன்னார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மரித்தோருக்காக நாம் கேட்கும் துஆவில் இப்போது அந்தப் பெயரும் சேர்ந்திருக்கிறது. எண்பது ஆண்டுகள் யாரும் விளிக்காத ஒரு பெயரை, அவன் பிறந்த மண்ணிலேயே, அவன் கண்டிராத பிள்ளைகள் உரக்கச் சொல்கிறார்கள். நன்னி தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டு “ஆமீன்” என்கிறார்கள்.